பழைய பாட்டைப் போட்டு ஓடினால் அதன் நினைவு தேய்ந்துபோகுமா?

மெதுவோட்டம்:

கொஞ்சம் விநோதமான கேள்வி, சிரிக்காமல் படியுங்கள். இருபதுகளில் இருக்கிறேன், சமீபத்தில்தான் ஓடப் பழகினேன். ஓடும்போது புதுப்பாட்டு எதுவும் ஒத்துவருவதில்லை, பள்ளிக் கடைசி வருடங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டுகள்தான் ப்ளேலிஸ்ட் முழுக்க. ஆரம்பத்தில் அற்புதமாக இருந்தது. ஒரு பாட்டில் முதல் இடையிசை முடிந்து வயலின்கள் சட்டென்று நிற்கும், ஒரு நொடி ஒன்றுமே இருக்காது, அப்புறம் குரல் மட்டும் தனியாக உள்ளே வரும். அந்த ஒரு நொடியில் பழைய அறை, பாதி திறந்த ஜன்னல், மறுநாள் பரீட்சை, என் இயர்போனில் ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்ட நண்பன் என்று எல்லாம் மொத்தமாக வந்து நிற்கும். கால் வலிப்பதே மறந்துபோகும்.

சில மாதங்களாக அதே இடம் வரும்போது எனக்குத் தோன்றுவது ஓடும் பாதையில் இருக்கும் ஏற்றம் மட்டும்தான். வயலின் நின்றதும் உடம்பு "ஏற்றம் வருது, மூச்சைப் பிடி" என்கிறது. நண்பனைக் காணோம்.

இன்னொன்று. சின்னதாக ஒரு பிளாக் எழுதுகிறேன், படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு பாட்டோடும் என்ன நினைவு ஒட்டியிருக்கிறது என்று அதில் எழுதிவைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் எழுதிவிட்டால் அப்புறம் எழுதின வாக்கியம்தான் மனதில் நிற்கும், நடந்தது நிற்காது என்றும் பயமாக இருக்கிறது. உங்களுக்கெல்லாம் இப்படி ஆகியிருக்கிறதா? பாட்டை மாற்றவா, எழுதவா, இல்லை எல்லாவற்றையும் அதன் போக்கில் விட்டுவிடவா?

இரண்டாம்_சரணம்:

விநோதம் எல்லாம் இல்லை. நினைவைப் பற்றி ஆராய்பவர்கள் 1970களிலிருந்தே இதைப் பேசுகிறார்கள். ஒரு வாசனையோ பாட்டோ ஒரே ஒரு சம்பவத்தோடு சேர்ந்திருந்தால் அதை அப்படியே இழுத்துக்கொண்டு வரும். அதே பாட்டோடு நூறு காலைகள் சேர்ந்துவிட்டால் எதை இழுப்பது என்று அதற்கே குழப்பம். அடிக்கடி வருவதும், கடைசியாக வந்ததும் முந்திக்கொள்ளும். உங்கள் ஏற்றம் முந்திக்கொண்டது. நண்பர் அழிந்துபோனதாக அர்த்தமில்லை, வரிசையில் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறார்.

அந்த ஒரு நொடி மௌனத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அது சுவாரசியமானது. 2011ல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேட்பவர்களே தேர்ந்தெடுத்த, அவர்களுக்குச் சிலிர்ப்பு தரும் இசையைப் போட்டு மூளையைப் படம்பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள மூளை ரசாயனம் சுரந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்குச் சில நொடிகள் முன்பே, "இதோ வரப்போகுது" என்று காத்திருக்கும்போதே, மூளையின் இன்னொரு பகுதியிலும் சுரந்தது. மனப்பாடமான பாட்டில்தான் அந்தக் காத்திருப்பு முழுசாகக் கிடைக்கும். அதனால்தான் ஓட்டத்துக்குப் புதுப்பாட்டு உங்களுக்குச் சப்பென்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆக ஓட உதவுவதும் பாட்டின் பரிச்சயம்தான், நினைவைத் தேய்ப்பதும் அதே பரிச்சயத்தைத் தினமும் செலவழிப்பதுதான். நானாக இருந்தால் அந்த ஒரு பாட்டை மட்டும் உடனே ப்ளேலிஸ்டிலிருந்து தூக்கிவிடுவேன்.

நாற்பது_நிமிடம்:

ஓடுகிறவன் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன், தம்பி. நினைவு கொட்டும் பாட்டு ஓட்டத்துக்கு எப்போதும் நல்லது என்று இல்லை. நிதானமான ஓட்டத்தில் பாட்டு போட்டால் சிரமம் குறைந்த மாதிரி தெரியும், சுமார் 10 சதவீதம் குறைவாக உணர்கிறார்கள் என்று விளையாட்டு உளவியல்காரர்கள் சொல்வார்கள். வேகம் கூட்டி மூச்சு முட்டத் தொடங்கினால் அந்தச் சலுகை கிடையாது, உடம்பு போடும் கூச்சலில் பாட்டு காதிலேயே விழாது. உங்கள் ஏற்றத்தில் நடப்பது இதுவாகவும் இருக்கலாம். நினைவு தேயவில்லை, அந்த இடத்தில் உங்களுக்கு நினைத்துப் பார்க்கவே மூச்சு மிச்சமில்லை. ஒருநாள் பாட்டை வேறு இடத்தில் தொடங்கி, அந்த வயலின் சமதளத்தில் வருகிற மாதிரி ஓடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மற்றபடி ஓட்டத்துக்குப் பாட்டைத் தாளத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 85, 90 பீட் உள்ள பாட்டு மந்தமாகத் தெரியும், ஆனால் ஒரு பீட்டுக்கு இரண்டு அடி வைத்தால் 170, 180 காலடி வந்துவிடும், அது நல்ல ஓட்டத்துக்குரிய எண்ணிக்கை. எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரெசெலாசி 1998ல் உள்ளரங்க 2000 மீட்டரில் உலக சாதனை செய்தபோது அரங்கத்தில் தன் காலடிக்குத் தோதான ஒரு பாப் பாட்டை ஒலிக்கவைத்துத்தான் ஓடினார். அந்தப் பாட்டைக் கேட்டு அவர் பள்ளிக்கூடத்தை நினைத்து உருகியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை!

மனதில் எந்த ஒட்டும் இல்லாத, தாளம் மட்டும் சரியான பாட்டுகளை ஓட எடுத்துக்கொள்ளுங்கள். உசத்தியானவற்றைப் படுத்துக்கொண்டு கேளுங்கள். அப்புறம் ரோட்டில் ஓடுகிறீர்கள் என்றால் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், பின்னால் வண்டி வருவது கேட்க வேண்டும்.

பழுப்புத்தாள்:

எழுதுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே, நான் வருகிறேன்.

எழுதினால் வாக்கியம் நினைவை மூடிவிடும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் எந்த மாதிரி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. "அந்த நாட்கள் திரும்ப வராது", "பாட்டு என்னைக் கடந்தகாலத்துக்கு அழைத்துச் சென்றது" என்று எழுதினால் கண்டிப்பாக மூடிவிடும், ஏனென்றால் அந்த வாக்கியம் யாருடைய நினைவுக்கும் பொருந்தும். உங்கள் கேள்வியிலேயே நீங்கள் நன்றாக எழுதியது இயர்போனைப் பிடுங்கின நண்பனைத்தான். எந்தப் பக்கத்து இயர்போன்? அதன் வயர் எங்கே பிய்ந்திருந்தது? உங்களுக்குப் பிடித்த இடம் வந்தபோது அவன் பேசிக்கொண்டே இருந்தானா? இந்த மாதிரி சில்லறை விஷயங்களைப் பாட்டைக் கேட்காமல் முதலில் எழுதுங்கள், பிறகு ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுப்போனதைச் சேருங்கள். ஞாபகம் உறுதியில்லாத இடத்தில் உறுதியில்லை என்றே எழுதிவிடுங்கள். அழகுக்காக மழையைப் பெய்ய வைக்காதீர்கள். பத்து வருடம் கழித்துப் படிக்கும்போது அந்த மழையை நீங்களே நம்பிவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் பப்ளிஷ் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. 1986ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் ஒரு சோதனையில் மாணவர்களை நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம், மனதைப் பாதித்ததை எழுதச் சொன்னார். அதில் சிலர் பிறகு மருத்துவரிடம் போனது குறைந்தது என்று கண்டார், எழுதுவது மனதுக்கும் உடம்புக்கும் என்ன செய்கிறது என்று ஆராயும் துறையே அதிலிருந்துதான் கிளம்பியது. அவர்கள் யாரும் வாசகர்களுக்காக எழுதவில்லை. டிராஃப்டில் கிடந்தாலும் அது எழுத்துதான்.

ஆனால் டிராஃப்டோ பதிவோ, ஒரு நகலை உங்கள் கையில் வைத்திருங்கள். யார் வேண்டுமானாலும் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் தளம் 2009ல் மூடப்பட்டபோது எத்தனையோ பேருடைய சொந்தப் பக்கங்கள் போயின. பெரும்பாலான தளங்களில் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

ஓரத்துஆள்:

எல்லாரும் பழைய நினைவைக் காப்பாற்றுவதிலேயே இருக்கிறீர்கள். ஏற்றத்துக்கு என்ன குறை?

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை உள்ளதுதான் அதிகமாக வருகிறது என்பது திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விஷயம். இவர் இன்னும் அந்த வயதுக்குள்ளேயே இருக்கிறார். இன்று மூச்சு வாங்க ஏறுகிற அந்த ஏற்றம்தான் ஐம்பது வயதில் அதே வயலினைக் கேட்கும்போது வரப்போகிறது, நண்பனுக்குப் பக்கத்திலேயே. பாட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினால் பள்ளிக்கூடம் மட்டும் பத்திரமாக இருக்கும், இந்த வருடங்களுக்கு எந்தப் பாட்டும் இருக்காது. அது நஷ்டம் இல்லையா? நான் பாட்டை மாற்ற மாட்டேன்.

மெதுவோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. நாற்பது_நிமிடம் அண்ணா சொன்னபடி பாட்டைத் தள்ளித் தொடங்கி ஓடிப் பார்த்தேன். சமதளத்தில் வயலின் நின்றபோது அறை வந்தது, ஜன்னல் வந்தது. முன்னைப்போல அடித்துச் சாய்க்கவில்லை, ஆனால் வந்தது. அதனால் அந்தப் பாட்டை இப்போதைக்கு எடுத்துவிட்டேன், மற்றதெல்லாம் இருக்கட்டும், ஓரத்துஆள் சொன்னதும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இயர்போன் எந்தப் பக்கம் என்று எழுத உட்கார்ந்தபோது பிடிபடவே இல்லை. நண்பனுக்கே மெசேஜ் போட்டேன். அவனுக்கு இயர்போன் நினைவிருக்கிறது, இடது பக்கம் வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கிறது. ஆனால் பாட்டு அது இல்லையாம், வேறு ஒன்றைச் சொல்கிறான், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பாட்டு. இதை அவன் சொன்னபடி எழுதுவதா, நான் நினைப்பதை எழுதுவதா?

பழுப்புத்தாள்:

இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்ற பெயரோடு. அவன் சொன்ன பாட்டையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், பிடிக்காவிட்டாலும்.

நாற்பது_நிமிடம்:

அதன் தாளம் எவ்வளவு என்று பாருங்கள் தம்பி, 88 பக்கம் வந்தால் ஏற்றத்துக்கு அதையே போட்டுவிடலாம்.