ஞாயிறு கண்மாய் வேலை

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

கணேசன் சித்தப்பா: ஞாயிறு காலை 6 மணிக்குப் பெரிய கண்மாய்க் கரையில் கூடுகிறோம். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கியாச்சு, ஜேசிபிக்கும் சொல்லியாச்சு. மடையிலிருந்து, தண்ணீர் நிரம்பி வழியும் கலுங்கு வரை உள்ள சீமைக்கருவேலத்தை எடுக்கிறோம். யார் யார் வருகிறீர்கள்?

ரேவதி: நான் வரேன் அப்பா

பாண்டி: ஞாயிறு மீனா மகளுக்குக் காதுகுத்து

செல்வி அத்தை: அது 10:30க்குத்தானே. பாண்டி, சீர் வாங்கியாச்சா?

பாண்டி: தோடு மட்டும்

செல்வி அத்தை: தாய்மாமன் தோடு மட்டும் கொண்டு போவானா?

கணேசன் சித்தப்பா: காதுகுத்துப் பேச்சு அப்புறம். ஒன்று கேளுங்கள். 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு வந்தபோது ஊரே அரிவாளோடு இறங்கி வெட்டினோம், வேரை விட்டுவிட்டோம். அந்த ஒவ்வொரு கட்டையிலும் இப்போது நாலைந்து கிளை நிற்கிறது. இந்தத் தடவை வேரோடு எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், கண்மாய்க்குள் நிற்கிற முள்மரமெல்லாம் சீமை இல்லை. நாட்டுக்கருவேலத்துக்குப் பூ மஞ்சளாக, உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்குப் பூ கதிர் மாதிரி நீளம், காயில் அந்த இடுக்கம் கிடையாது. நாரையும் கொக்கும் கூடு கட்டுவது நம் நாட்டுமரத்தில். பறவைகள் சரணாலயம் இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை, நாம் கூட்டுமரத்தையா சாய்ப்பது? ஜேசிபி ஓட்டுபவருக்கு இரண்டும் முள்தான். அதனால் சனிக்கிழமையே நாட்டுமரத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும்.

செல்வி அத்தை: பழைய சிவப்புச் சேலை ஒன்று இருக்கு, கிழித்துத் தரேன்

ரேவதி: அப்பத்தா சேலையா? அது அம்மாவுக்கு என்றுதானே சொன்னது

செல்வி அத்தை: இது வேற சேலை ரேவதி

ராசு பெரியப்பா: விறகு யாருக்கு?

கணேசன் சித்தப்பா: பஞ்சாயத்துக்கு, அண்ணே

ராசு பெரியப்பா: போன தடவை விறகு விற்ற கணக்கே இன்னும் வரவில்லை. சீமைக்கருவேலம் கெட்டது என்று எல்லாரும் பேசுகிறீர்கள். மழை பொய்த்த வருசமெல்லாம் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் உன்னை காலேஜில் சேர்த்தேன்.

பாண்டி: அப்பா

கணேசன் சித்தப்பா: மறக்கவில்லை அண்ணே. நான் போட்ட முதல் செருப்பே அந்தக் கரிக்காசுதான். ஆனால் வரத்துக்கால் முழுக்க முள் அடைத்து, பெய்கிற மழையும் கண்மாய்க்கு வந்து சேரவில்லை. நம் வயலில் நெல் போட்டு எத்தனை வருசம் ஆச்சு? பட்டா நிலத்தில் மூட்டம் போடுவதை யாரும் தடுக்கவில்லை, கண்மாயை மட்டும் விடுங்கள்.

ரேவதி: எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காதா அப்பா?

கணேசன் சித்தப்பா: முளைக்கும். ஆடு காயைத் தின்று புழுக்கையில் விதையைப் போட்டுவிட்டுப் போகும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது விரல் நீளக் கன்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். அந்த வேலைக்குத்தான் ஆள் வேண்டும், இரண்டு மூன்று வருசத்துக்கு.

செல்வி அத்தை: ஜேசிபி வாடகை?

கணேசன் சித்தப்பா: பாதி நான் தரேன்

செல்வி அத்தை: மீதி?

ராசு பெரியப்பா: சனிக்கிழமை சாயந்திரம் மடைகிட்ட வரேன். எது நாட்டுமரம் என்று நான் காட்டுகிறேன், நீ பூ தேடிக்கொண்டு நிற்காதே. விறகை நேரில் பேசுவோம்.

ரேவதி: 🙏

பாண்டி: அத்தை, சீர்த்தட்டு 11 போதுமா, 21 வேண்டுமா?