செம்பட்டையும் சிவத்த முடியும்

நல்லூரில கொடியேறினால் வெளிநாட்டுப் பேரப்பிள்ளையளும் வந்திறங்குவினம். தாய் ஸ்கொட்லாந்து, தகப்பன் கொக்குவில் எண்டால், "பிள்ளைக்கு ஏன் தாயின்ர சிவத்த முடி வரேல்லை?" எண்டு அம்மம்மாமார் கேக்கிறதைக் காணலாம். 16ஆம் நிறமூர்த்தத்தில இருக்கிற எம்சி1ஆர் பரம்பரையலகுதான் காரணம். அது சரியா வேலை செய்தால் மயிர் வேரில யூமெலனின் எண்ட கறுப்பு நிறப்பொருள் கூடும். செயல் குன்றினால் பியோமெலனின் எண்ட சிவப்பு நிறப்பொருள் மிஞ்சும். சிவப்பு முடிக்கு அனேகமாத் தாய், தகப்பன் ரெண்டு பேரிட்டையும் இருந்து அந்த அலகின்ர செயல் குன்றின பிரதி வரோணும். எங்கட பக்கத்தால நல்ல பிரதி ஒண்டு வந்திட்டால் முடி கறுப்புத்தான். பிள்ளை குன்றின பிரதியை வெளியில தெரியாமல் காவுற ஆள், அதாவது வெறும் காவி. நாளைக்கு இன்னொரு காவியைக் கட்டினால் ஒவ்வொரு பேற்றிலயும் சிவப்பு முடிக்கு 4இல 1 வாய்ப்பு. மூண்டு கறுப்புக்குப் பிறகு நாலாவது சிவப்பு எண்டு எண்ணிக்கொண்டு இருக்கக்கூடாது.

—

அந்த 4இல 1 ஓஎல் புத்தகக் கணக்கு. ரெண்டு குன்றின பிரதியும் இருந்தும் பொன்னிறமோ இளமண்ணிறமோ ஆன ஆக்கள் கனபேர் எண்டு 2018இல வெளிவந்த பிரித்தானிய ஆய்வு காட்டிச்சுது. வேற பரம்பரையலகுகளும் கைவைக்குது. குன்றின பிரதி ஒண்டு மட்டும் உள்ள வெள்ளைக்கார ஆம்பிளையளுக்குத் தலை மண்ணிறமா இருக்க, தாடி மட்டும் சிவக்கிறதும் உண்டு.

—

இஞ்ச காணுற செம்பட்டை வேற சங்கதி. குருநகர், பருத்தித்துறைக் கரையில வெயிலும் உப்புத்தண்ணியும் நுனியை வெளிறப்பண்ணும், அடி கறுப்பா இருக்கும். முடி மாசம் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளரும், வெட்டிவிட்டால் போச்சு. அடியே வெளிறி, இழுத்தால் கையோட வந்து, காலும் வீங்கியிருந்தால் புரதக் குறைபாடு. எண்ணெய் வைச்சுக்கொண்டு நிக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

—

வடிவு பற்றிக் கேட்டால், எங்களுக்குக் கார்கூந்தல் புகழ்ச்சி, செம்பட்டை நக்கல். ஐரோப்பாவிலயும் பெரிய மாற்றமில்லை: 2012இல வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொண்டில ஆக்களுக்கு வேற வேற நிறப் பொய்முடி மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தவை. பொன்னிற முடிப் பெண்களைத்தான் ஆம்பிளையள் கூடுதலா அணுகினவை. சிவத்த முடி ஆம்பிளையளுக்குத்தான் பெண்களிட்ட இருந்து கூடுதலா மறுப்பு.

ஆசைக்குச் சிவப்பாக்கிறவை கவனியுங்கோ. மருதோன்றி கறுப்பை வெளிறப்பண்ணாது, வெயிலில ஒரு மினுக்கம் மட்டும். நரை எண்டால் தோடம்பழ நிறம் வரும். 100 கிராம் தூளைத் தேசிக்காய்ப் புளியும் இளஞ்சூட்டுத் தண்ணியும் விட்டுத் தயிர்ப்பதமாக் குழைச்சு, ராத்திரி ஊறவிட்டு, தலையில 3 மணித்தியாலம் வையுங்கோ. "கறுப்பு மருதோன்றி"ப் பேக்கற்றுகளில பிபிடி எண்ட சாயம் கலந்திருக்கலாம், சிலருக்குத் தோல் கொப்பளிக்கும். காதுக்குப் பின்னால பூசி 48 மணித்தியாலம் பாத்திட்டுத் தலையில வையுங்கோ.