கத்திப் பிடி ஒட்ட எந்த எபாக்சி வாங்கலாம்? ஒரு பக்கம் கழன்டு வந்துட்டு

களக்காட்டு வாழை:
அண்ணாச்சிமாரே, களக்காடு பக்கம் வாழை போட்டிருக்கேன். ஓய்ஞ்ச நேரத்துல பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேய்ச்சுக் கத்தி செய்யுதேன். இதுவரை பதினொண்ணு. நாலாவது கத்தி மதினிக்கு. பிடி, திசையன்விளையில இருந்து வந்த பனை வைரம். கருப்பும் பொன்னிறமுமா வரி ஓடும், பாக்க அம்புட்டு அழகு. மதினி ராத்திரி சாளை அரிஞ்சிட்டு, பாத்திரத்தோட பாத்திரமா வாளித் தண்ணியில போட்டுட்டுத் தூங்கிட்டாவ. விடிஞ்சு பாத்தா பிடியில ஒரு பக்கப் பலகை தனியா கிடக்கு. கொழுந்தன் செஞ்ச கத்தி கப்பல் விடுதுன்னு வீட்டுல இன்னும் சிரிப்பு அடங்கல.

ஒட்டினது அஞ்சு நிமிஷத்துல இறுகுற எபாக்சி, ரெண்டு டியூப்பைக் கலந்து ஒட்டுற பசை. மரத்து வரி கெட்டுரும்னு ஆணி போடல. சி கிளாம்ப் ரெண்டு போட்டு நல்லா இறுக்குனேன். கழன்ட பக்கம் இரும்பு கண்ணாடியா மினுங்குது, பசை முழுக்க மரத்தோட போயிட்டு. விலை கூடுனாலும் பரவால்ல, எந்தப் பசை வாங்கட்டும்?

அம்பை லேத்து:
தம்பி, பதிலை நீயே எழுதிட்ட. இரும்பு கண்ணாடியா மினுங்குதுன்னா பசை அதுல பிடிக்கவே இல்ல. பசை இரும்போட நின்னு, மரநார் பிஞ்சு வந்திருந்தா குத்தம் மரத்துல. இது இரும்புல.

அலகை எவ்வளவு வேணும்னாலும் மினுக்கு. பிடிக்குள்ள மறையுற பாகத்தை மட்டும் 60, 80 நம்பர் உப்புத்தாள்ல குறுக்கும் நெடுக்குமா கீறு. நான் மூணு மி.மீ. டிரில்லால அங்கங்க குழியும் போட்டுருவேன், பசை அதுக்குள்ள இறங்கி முளை அடிச்ச மாதிரி நிக்கும். பொறவு அசிட்டோன்ல துடை. நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வேண்டாம், சிலதுல எண்ணெய் கலந்திருக்கும். துடைச்ச பொறவு ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாரு. சேப்பங்கிழங்கு இலையில நிக்கிற மாதிரி முத்தா நின்னா எண்ணெய் இன்னும் இருக்கு. பாயா விரிஞ்சா சுத்தம். தண்ணியை ஒத்தி எடுத்துட்டு உடனே ஒட்டு, பட்டை இரும்பு சீக்கிரம் துரு கட்டும். விரலால தொட்டுப் பாக்காத. எங்க பட்டறைப் பய ஒருத்தன் தலைக்கு எண்ணெய் வச்சிட்டு வந்து, துடைச்சு வச்சதைத் தடவித் தடவிப் பாப்பான். அவன் ஒட்டுனது எதுவும் நிக்காது.

அடுத்தது கிளாம்ப். முறுக்கி முறுக்கி இறுக்குனா பசை அம்புட்டும் வெளிய பிதுங்கிரும், நடுவுல ஒண்ணும் மிஞ்சாது. பனைக்கு இது ரெண்டு மடங்கு ஆபத்து. கருப்பு நார் கல்லு மாதிரி, ஊடால இருக்கிற சோறு பஞ்சு மாதிரி பசையைக் குடிக்கும். மொதல்ல மரத்துல மட்டும் மெல்லிசா ஒரு தடவை பூசி ஊற விடு, அப்புறம் ரெண்டாவது பூச்சோட ஒட்டு. பலகை நகராத அளவுக்கு இறுக்குனா போதும்.

பசைன்னு கேட்டா, மெதுவா இறுகுறது வாங்கு. அஞ்சு நிமிஷச் சாமான் பொம்மை ஒட்ட சரி, ஈரத்துக்கும் சூட்டுக்கும் ஈடு கொடுக்காது. நான் அரால்டைட் ஸ்டாண்டர்ட்தான் போடுதேன். நிழல்ல ஒன்றரை மணி நேரம் போல கைவேலைக்கு நேரம் கிடைக்கும், சித்திரை வெயில்ல அது குறையும். ஒரு நாள் முழுசா விட்டுட்டுத்தான் கிளாம்பை எடுப்பேன்.

ஆணி ரெண்டு கண்டிப்பா போடு. பித்தளை மினுங்குறது பிடிக்கலைன்னா இரும்புக் கம்பியே போடு, கருத்து பனை வரியோட போயிரும்.

கொல்லன் பேரன்:
எங்க தாத்தா பட்டறையில பசையே கிடையாது. அரிவாளுக்கு வாலைக் கூரா இழுத்து, பழுக்கக் காய்ச்சி, உடைமரத்துப் பிடிக்குள்ள சுட்டு இறக்குவாவ. வாய்ல ஒரு பூண். ஆடுனா அரக்கை உருக்கி ஊத்துவாவ. நீங்க எல்லாரும் கத்தியை ஷோகேஸ்ல வைக்கப் போறீங்க போல.

அம்பை லேத்து:
பேராண்டி, அரிவாளுக்கு அது சரி. ரெண்டு பக்கமும் பலகை வைக்கிற சமையக்கத்திக்கு எங்கன பூணு மாட்டுவ?

பாளை தராசு:
ஒண்ணே ஒண்ணு சேக்கேன். பசையைக் கண்ணால அளக்கக் கூடாதுன்னு தங்க எடை பாக்கிற சின்னத் தராசு வாங்கி, ரெசின்ங்கிற பசை, அதை இறுக வைக்கிற ஹார்டனர், ரெண்டையும் சம எடையா வச்சுக் கலந்தேன். பிடி ரப்பர் மாதிரி நகம் பதிஞ்சுது. ஒரு மாசம் கழிச்சுத்தான் அட்டையைப் படிச்சேன். அந்த ஸ்டாண்டர்டுல சமம்ங்கிறது கன அளவுக்கு. எடைன்னா ரெசின் 100-க்கு ஹார்டனர் 80. ஹார்டனர் லேசு, அதான். டியூப்ல இருந்து சம நீளத்துக்குப் பிதுக்கினாலே போதும், தராசு வேண்டாம். கையுறை போட்டுக்கோங்க. எனக்கு விரல் இடுக்குல அரிச்சுத் தோல் உரிஞ்சுட்டு.

களக்காட்டு வாழை:
தராசு அண்ணாச்சி, நானும் எடைதான் போட இருந்தேன்! இன்னைக்கு உப்புத்தாள் போட்டுத் துடைச்சேன். மூணாவது தடவைக்குத்தான் தண்ணி பாயா விரிஞ்சுது. கழலாத அந்தப் பக்கப் பலகையையும் எடுக்கணுமா?

அம்பை லேத்து:
எடுத்துரு, அதுவும் அதே பசைதான். அடுப்புல காட்டிராத, அலகு பதம் போயிரும். அலகுல ஈரத்துணி சுத்திட்டு, பிடியைக் கொதி தண்ணியில கொஞ்ச நேரம் வை. பசை இளகும், மெல்லிசு உளியை விட்டு நெம்பு.