உயிலா செட்டில்மெண்டா, தெரிஞ்சவங்க சொல்லுங்க

பாம்பன்ல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு 74 வயசு, ஓட்டு வீடு, கொஞ்சம் தென்னந்தோப்பு, ஒரு நாட்டுப்படகு, அவ்ளோதான் சொத்து. இப்பவே செட்டில்மெண்ட் (உசுரோட இருக்கும்போதே சொத்தப் பிள்ளைக பேர்ல மாத்திக் குடுக்குற பத்திரம்) எழுதிட்டா நமக்குன்னு ஒண்ணுமே இருக்காதேன்னு அம்மா பயப்படுறாங்க, நியாயந்தானே. உயில்னா உசுரோட இருக்கவரைக்கும் மாத்திக்கலாம், ரெண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லைன்னு தெரியும். ஆனா பெத்தவங்களப் பாத்துக்கணும்னு கண்டிஷன் போட்டு செட்டில்மெண்ட் எழுதுனா, பாக்காதப்ப 2007 முதியோர் சட்டத்துல ரத்து பண்ணலாம்ல, அந்த வாசகத்த எப்படி எழுதணும்? தங்கச்சியத் தங்கச்சிமடத்துல கட்டிக்குடுத்தாச்சு, அவளுக்கும் சமபங்குன்னு நான் சொல்றேன், தம்பி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான் (அது தனிக்கதை). நானும் கடலுக்குப் போறவன், பிள்ளைக ரெண்டும் சின்னது, எனக்கும் இப்பவே உயில் வேணும்ல, கார்டியன் பேர அதுலயே போடலாமா? படகு அப்பா பேர்ல பதிவாயிருக்கு, அத உயில்ல எப்படிக் குறிப்பிடணும்?