தாத்தாவின் தோளில் யாருடைய கை?

பெகூக்காரன்:
வெள்ளிக்கிழமை தாத்தா திவசம். அவருக்குத் தனிப்படம் கிடையாது. 1963-ல் ரங்கூனில் ஐந்து பேராக நின்று எடுத்தது ஒன்றுதான். ஸ்கேன் செய்து, மற்ற நால்வரையும் ஃபோட்டோஷாப் எரேசரால் அழித்து, தாத்தாவை நீள்வட்டச் சட்டத்துக்குள் வைத்துவிட்டேன். அரை மணி நேர வேலை. படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். எரேசரால் அழிக்காமல், வேண்டாததை மாஸ்க் என்ற திரையால் மறைத்தால்தான் வேலை என்பவர்களைக் கேட்கிறேன்: சுவரில் மாட்டிய பிறகு எரேசரால் அழித்ததை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

மோல்மேன் வாசகி:
நான் கண்டுபிடித்துவிட்டேனே! தலை கத்தரித்து ஒட்டியது போல இருக்கிறது. எரேசர் தொட்ட இடம் போனது போனதுதான். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி; அதன்மேல் போடும் லேயர் மாஸ்க்கில் கறுப்பைத் தீட்டினால் படம் மறையும், வெள்ளையைத் தீட்டினால் திரும்ப வரும், சாம்பல் நிறத்துக்கு அரைகுறையாகத் தெரியும். சுருட்டைமுடி ஓரத்துக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டும்.

பெகூக்காரன்:
ஓரத்தை மங்கலாகக் கரைக்கும் ஃபெதரை 10 பிக்சல் கொடுத்தால் ஓரம் மென்மையாகிவிடும். இதற்கு ஏன் இத்தனை பாடம்?

ஸ்டூடியோ பெரியவர்:
தம்பி, அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ அச்சில் 10 பிக்சல் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனாலும் எரேசரை நான் ஒதுக்கமாட்டேன். லேயரை நகலெடுத்து நகலில் அழிப்பேன், அசல் கீழே பத்திரமாக இருக்கும். சட்டத்துக்கு மட்டும் கிளிப்பிங் மாஸ்க், அதாவது கீழ் லேயரின் வடிவத்துக்குள் மட்டும் மேல் படம் தெரியும்: கீழ் லேயரில் நீள்வட்டம், மேலே படம், லேயர் பட்டியலில் இரண்டுக்கும் நடுவே ஆல்ட் அழுத்தி ஒரு கிளிக். அதன்பின் முகத்தைச் சட்டத்துக்குள் விருப்பப்படி நகர்த்தலாம்.

மோல்மேன் வாசகி:
நகலில் காது நுனி போய்விட்டால் மறுபடி வெட்ட வேண்டும் ஐயா. மாஸ்க்கில் ஒரே தீற்றல் போதும். பெகூ அண்ணா, நகலாவது எடுத்தீர்களா?

பெகூக்காரன்:
இல்லை. அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்தேன்.

ஸ்டூடியோ பெரியவர்:
அடப்பாவி! ஜேபெக்கில் லேயரும் தங்காது, மாஸ்க்கும் தங்காது. லேயர்களைக் காக்கும் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாக வைத்திருக்கக் கூடாதா?

மோல்மேன் வாசகி:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் இடது தோளில் நான்கு விரல்கள் இருக்கின்றன. ஆளைக் காணோம்.

பெகூக்காரன்:
சட்டை மடிப்பு என்று நினைத்துவிட்டேன். இப்போதுதான் அத்தையிடம் கேட்டேன். 1964-ல் கடைகளை அரசுடைமையாக்கியபோது கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன கூட்டாளியாம், பெயர் நினைவில்லையாம். அவர் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, திவசப் படத்தில் அந்தக் கை வேண்டாம் என்கிறார் அத்தை. படத்தின் வேறிடத்தை நகலெடுத்துப் பூசும் குளோன் ஸ்டாம்பால் மூடப்போகிறேன்.

மோல்மேன் வாசகி:
மூடுங்கள், ஆனால் புது லேயரில். கீழ் லேயரிலிருந்தும் எடுக்கும்படி ஸ்டாம்பை அமைத்தால் படத்தைத் தொடாமலே மூடலாம். அந்த மனிதரின் பேரன் ஒருநாள் கேட்டு வந்தால் முழுப்படம் கொடுக்க வேண்டாமா?

பெகூக்காரன்:
காகிதப் படம் பெட்டியில் இருக்கிறது. நாளை மறுபடி ஸ்கேன் செய்கிறேன், பிஎஸ்டியாகவும் வைக்கிறேன். ஆனால் வேகத்தில் எரேசர்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.