தண்ணீர் குடித்த வண்டி: பழைய கேரவன் வேன் பார்க்கப் போன அனுபவங்கள்

திருத்துறைப்பூண்டி வாசி:

அம்மாவுக்கு நவகிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. திங்களூரிலிருந்து கீழப்பெரும்பள்ளம் வரை எல்லாமே நம் டெல்டாவுக்குள் அடக்கம். தூரம் ஒரு பொருட்டில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. முக்கால் மணிக்கு ஒருமுறை கழிப்பறை வேண்டும். கோயில் வாசல்களில் அதற்குப் பெண்கள் படும் பாடு ஆண்களுக்குப் புரியாது, எனக்கே அம்மாவை அழைத்துப் போன பிறகுதான் புரிந்தது. கழிப்பறையும் படுக்கையும் உள்ள பழைய கேரவன் வேனாகப் பார்த்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம் அப்படி வந்ததுதான்.

தஞ்சாவூர் புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு ஷெட்டில் வண்டி நின்றது. 2014-இல் பதிவான பெரிய வேன். பல ஆண்டுகள் கழித்து கேரவனாக மாற்றியிருக்கிறார்கள். விலை 11 லட்சம். உள்ளே ஏறியதும் எனக்கு மனம் வழுக்கிவிட்டது. தேக்கு நிறத்தில் அலமாரிகள், மடக்கு மேசை, குட்டிச் சமையல் மேடை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. "சென்னையில் ஒரே ஓனர் சார், வெயில் மழை படாத வண்டி" என்றார் விற்பவர். முன்பணம் கொடுக்கும் தைரியத்தில் நான் சட்டைப் பையைத் தடவியது உண்மை.

அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடைமடையில் ஐம்பது வருடம் விவசாயம் பார்த்தவர். பேசாமல் இருக்கிறார் என்றால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விற்பவரிடம் திருப்புளி கேட்டு வாங்கி, சீட் பெல்ட் நுழையும் தூணின் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே தகடுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய மண் ஏடு ஒன்று காய்ந்து, வெடித்து, ஓரங்கள் சுருண்டு நின்றது. தண்ணீர் வற்றிய வாய்க்காலின் தரை போலவே இருந்தது. அதில் ஒரு துணுக்கைக் கிள்ளி, எச்சில் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். சந்தனம் போல வழவழவென்று பரவியது.

"தம்பி, இது வண்டல்" என்றார்.

"ஐயா, நம் ஊர் ரோட்டுப் புழுதி ஐயா அது" என்று விற்பவர் சிரித்தார்.

"புழுதி என்றால் நறநறக்கும், மேலிருந்து படியும். இது கீழிருந்து ஏறி, நின்று, வடிந்த மண். எத்தனை நாள் நின்றது?"

விற்பவர் பதில் சொல்லாமல் போன் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பிறகு நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். வழக்கமாக வெளியே வராத கடைசி ஒரு முழம் கோடு போட்டதுபோலப் பழுப்பேறியிருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் 2015 அக்டோபர் வரை ஒழுங்காக முத்திரை இருக்கிறது. அடுத்த முத்திரை எட்டு மாதம் கழித்து. 2015 டிசம்பரில் சென்னை எப்படி மிதந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்புமுன் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கேரவனாக மாற்றியதற்கான பதிவே அதில் இல்லை. இன்னும் 'ஆம்னி பஸ், சொந்த உபயோகம்' என்றுதான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை மாற்றினால் அது பதிவுச் சான்றில் ஏற வேண்டும். ஏறாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கையை வைக்கும் இடம் அதுதான். மற்றவர்கள் எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

கும்பகோணத்து பாடி பட்டறைக்காரர்:

உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி எல்லாமே கழிக்க வேண்டியதில்லை. தண்ணீர் எந்த உயரம் ஏறியது என்பதுதான் கணக்கு. தரையோடு நின்று வடிந்திருந்தால் தகடு வேலையோடு போகும். டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் ஒயரிங் முழுக்க நோயாளி. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் வண்டியைத் தொடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

கேரவன் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் பிளைவுட் தரைதான். தகடு மேல் பிளைவுட், அதன் மேல் வினைல் விரிப்பு. அடியில் துரு அரித்து ஓட்டை விழுந்தாலும் மேலே பளபளவென்று இருக்கும். ஒரு மூலையிலாவது விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

இன்ஜினைக் காலையில் பாருங்கள். போனதும் முதல் வேலையாக பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து தயார் செய்துவிட்டார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள், குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டயரை நம்பாதீர்கள், அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தை நம்புங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேரவன் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டுகள்) தேயாது, ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும்.

மயிலாடுதுறைக் குடும்பத்தலைவி:

நாங்கள் வாங்கிவிட்டோம். மூன்று வருடமாக ஓடுகிறது. நான் பார்த்ததெல்லாம் ஆண்கள் பார்க்காத இடங்கள்.

முதலில் சமையல் மேடைக்குக் கீழே குனிந்தேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படுத்துக்கொள்ளும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குத் தரை மட்டத்தில் காற்றோட்டத் துளை இருக்க வேண்டும். நாங்கள் பார்த்த வண்டியில் துளை இருந்தது, ஆனால் கொசு வருகிறது என்று பழைய துணியைத் திணித்து அடைத்திருந்தார்கள். கொசுவுக்குப் பயந்து குடும்பத்தையே கொளுத்தப் பார்த்தவர்கள்! துணியைப் பிடுங்கி அங்கேயே போட்டுவிட்டு, சோப்பு நுரையைக் குழாய் இணைப்புகளில் தடவினேன். குமிழி வரவில்லை. அப்போதுதான் மேலே பேசினேன்.

"இரவு முழுக்க ஏ.சி. ஓடும் அக்கா" என்றார் விற்ற பையன். எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், உடனே காகிதம் எடுத்தார். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி என்றால் 1800 வாட்-மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், மிச்சம் 900. ஏ.சி.யோ ஆயிரம் வாட்டுக்கு மேல் தின்னும். இரவு முழுக்க என்றது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோனது. பையன் 40,000 ரூபாய் குறைத்தார்.

இன்னொன்று, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிய பிறகே ஓட்டிப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டி என்றால் 200 கிலோ, மூன்று ஆட்கள் பின்னால் நிற்பதற்குச் சமம். காலித் தொட்டியோடு ஓட்டிக் காட்டினால் பிரேக் அருமையாகத்தான் பிடிக்கும். நிரப்பிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினோம், பின்பக்கம் தொட்டில் போல் ஆடியது. ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றித் தரச் சொல்லித்தான் பணம் கொடுத்தோம்.

நாகப்பட்டினத்திலிருந்து:

நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். விற்பவர்கள் கேரவனைச் சித்திரை வெயிலில் காட்டுவார்கள். நீங்கள் ஐப்பசி அடைமழையில் போய்ப் பாருங்கள். அது முடியாது என்றால் ஹோஸ் பைப்பைக் கூரை மேல் அரைமணி நேரம் பிடித்துவிட்டு, உள்ளே மேல் அலமாரிகளின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏ.சி.க்கும் காற்றுப்போக்கிக்கும் கூரையில் வெட்டிய இடங்கள்தான் ஒழுகும். என் மச்சான் வாங்கிய வண்டியில் விரல் ரொட்டிக்குள் போவதுபோல் போனது. வேளாங்கண்ணி கடற்கரையில் நிறுத்தி வைத்திருந்த வண்டி என்றால் கதவுக் கீல்களையும் பாருங்கள், உப்புக் காற்று முதலில் அங்கேதான் கை வைக்கும்.

அப்புறம், பக்கவாட்டு சோபாவில் பெல்ட் இருக்காது. பிள்ளைகளை ஓடும் வண்டியில் அங்கே உட்கார வைக்காதீர்கள். முன்நோக்கிய பெல்ட் இருக்கைகள் உங்கள் குடும்பத் தலைகளுக்குப் போதுமா என்று எண்ணிப் பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி வாசி:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. அந்த தஞ்சாவூர் வண்டியை விட்டுவிட்டோம். விற்பவர் இரண்டு முறை போன் செய்து 8 லட்சம் வரை இறங்கினார், அப்பா எடுக்கவில்லை.

வரும் ஞாயிறு பட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொன்று பார்க்கப் போகிறோம். வேறு மாநிலத்துப் பதிவு என்பதால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த முறை அம்மாவும் வருகிறார். போன முறை நாங்கள் இருவரும் பார்க்க மறந்தது வாசற்படியின் உயரம். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல். அம்மாவின் முழங்காலுக்கு அது மலைக்கோட்டை. எங்கள் வீட்டுத் திண்ணைப் படியை அளந்தேன், ஏழரை அங்குலம். அந்த அளவில் ஒரு நூலை அறுத்து அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார். அப்பாவுக்குச் சொந்தத் திருப்புளி வாங்கியாகிவிட்டது, அதை மடியில் செருகிக்கொண்டு இப்போதே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார்.