நம்ம பையன்

குழு: ஆலமரத்து வீடு
அக்டோபர் 8

பெரியப்பா (காலை 6:05): எல்லோருக்கும் வணக்கம். இன்று கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நினைவு நாள். 1959-இல் இதே தேதியில் போனார். வயது 29. காலை நடையில் மணிமண்டபம் வரை போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

மதினி: வணக்கம் மாமா 🙏

கதிர் (7:40): தாத்தா, 29 என்று சரியாகத்தான் போட்டிருக்கிறீர்களா?

பெரியப்பா: சரிதான் ஐயா. 1930 ஏப்ரல் 13 பிறப்பு. 30-ஐ அவர் பார்க்கவே இல்லை.

கதிர்: நான் இத்தனை நாளாக அவரை வெள்ளைத் தலையோடு, உங்கள் வயதில்தான் நினைத்து வைத்திருந்தேன். தூங்காதே தம்பி, திருடாதே பாப்பா, சின்னப்பயலே சேதி கேளடா... எல்லாமே ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும். போன மாதம்தான் எனக்கு 29 முடிந்தது. என்னவோ போல இருக்கிறது.

நான்: எனக்கும் அப்படித்தான் இருந்தது கதிர். டி.எம்.எஸ். குரலில் கேட்டுக் கேட்டு, அந்தக் குரலின் வயதை எழுதியவருக்கும் கொடுத்துவிட்டோம்.

பெரியப்பா: இன்னொன்று சொல்கிறேன். நீ சொன்ன மூன்றில் தூங்காதே தம்பி மட்டும்தான் அவர் இருக்கும்போது வந்தது. நாடோடி மன்னன், 1958. திருடாதே படமும் அரசிளங்குமரியும் வந்தது 1961-இல். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சின்னப்பயலே பாடிக்கொண்டு திரிந்தபோது, எழுதியவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அண்ணன்: எம்.ஜி.ஆர். ஒரு தடவை சொன்னாராமே, என் முதலமைச்சர் நாற்காலியின் மற்ற மூன்று கால் எதுவோ, நாலாவது கால் பட்டுக்கோட்டையாரின் பாட்டுதான் என்று.

பெரியப்பா: ஆமாம். ஆனால் நாற்காலிக்காக எழுதிய பாட்டு இல்லையப்பா அது. அவர் ஊர் செங்கப்படுத்தான்காடு, நமக்குப் பக்கம்தான். படிப்பு திண்ணைப் பள்ளியோடு சரி. அப்புறம் செய்யாத வேலை கிடையாது. உழவு, மாடு மேய்ப்பு, மாம்பழம், முறுக்கு, இட்லி வியாபாரம், தென்னங்கீற்று விற்றது, மீனும் நண்டும் பிடித்தது, உப்பளத்து வேலை, தண்ணீர் வண்டி. கணக்குப் போட்டவர்கள் 17 தொழில் என்று சொல்வார்கள். அதில் பாடகர், நடிகர் எல்லாம் உண்டு. 17-ஆவது கவிஞர்.

பெரியப்பா: சினிமாவுக்கு முன்னால் விவசாய சங்கக் கூட்டத்திலும் நாடக மேடையிலும் தானே பாடியவர். அதனால்தான் அந்தப் பாட்டுகள் எல்லாம் வாயில் அப்படி உட்காருகின்றன. எழுதிப் பார்த்து வந்த வரி இல்லை, பாடிப் பார்த்து வந்த வரி.

கதிர்: உப்பளத்திலுமா?

பெரியப்பா: ஆமாம். காலில் உப்புத் தண்ணீர் அரித்த ஆள் எழுதினதுடா அது எல்லாம்.

அத்தை (9:15): அண்ணா, ஒவ்வொரு வருஷமும் நீங்கள் அவரைச் சிவப்புத் துண்டுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுகிறீர்கள். கல்யாண பரிசு பாட்டெல்லாம் யார் எழுதியது? வாடிக்கை மறந்ததும் ஏனோ யார் எழுதியது?

மதினி: சின்னம்மா, அது கண்ணதாசன் இல்லையா? 😮

அத்தை: இல்லை கண்ணு. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். படத்தில் அத்தனை பாட்டும் இவர்தான். இசை ஏ.எம். ராஜா. வந்தது 1959, அவர் போன வருஷம். துள்ளாத மனமும் துள்ளும் கேட்டுப் பாரு. ஜிக்கி பாடியது. எந்த வார்த்தைக்கும் அகராதி வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளைக்கும் புரியும். இன்னும் எனக்குக் கேட்டுத் தீரவில்லை.

மதினி: இத்தனை வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறேன் சின்னம்மா. இப்போதே போட்டுக் கேட்கிறேன்.

பெரியப்பா: தங்கச்சி சொல்வதும் நியாயம்தான். தங்கப்பதுமையில் முகத்தில் முகம் பார்க்கலாம் பாட்டும் அவர்தான். ஒரே ஆள், ஐந்தாறு வருஷத்துக்குள்.

நான்: எம்.எஸ்.வி. கதையைச் சொல்லுங்கள் பெரியப்பா. கதிருக்குத் தெரியாது.

பெரியப்பா: பாசவலை படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. புதுப் பையன் ஒருத்தன் பாட்டு எழுத வந்திருக்கிறான் என்றதும், பேர் பெற்ற கவிஞரை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று எம்.எஸ்.வி. பார்க்காமலே தட்டிக் கழித்துவிட்டார். தாளை மட்டும் யாரோ கையில் கொடுத்துவிட்டார்கள். குட்டி ஆடு தப்பி வந்தா குள்ளநரிக்குச் சொந்தம் என்று ஆரம்பிக்கிறது. படித்தவர் ஆடிப் போய்விட்டார். இதைப் பிற்பாடு அவரே மேடைகளில் மனம் நொந்து சொல்லியிருக்கிறார். ஒருவரை ஒதுக்கப் பார்த்தேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எம்.எஸ்.வி.யிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது அது.

அத்தை (11:32): 📷 புகைப்படம்

அத்தை: அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. நாடோடி மன்னன் பாட்டுப் புத்தகம். டூரிங் கொட்டகை வாசலில் வாங்கினது. அடுத்த வருஷம் தேடலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு எடுத்துவிட்டேன்.

அண்ணன்: தாத்தாவின் புத்தகமா! இது இருப்பதே எனக்குத் தெரியாது அத்தை.

நான்: பின் குத்தின இடத்தில் துரு பரவி எதிர்ப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறதே. பார்த்துத் திருப்புங்கள் அத்தை, பொடிந்துவிடும்.

அத்தை: புரட்டவே பயமாக இருக்கிறது தம்பி. தாள் அப்பளம் மாதிரி இருக்கிறது. காடு வெளஞ்சென்ன மச்சான் பாட்டு இருக்கிற பக்கத்தில் அப்பா பென்சிலால் என்னவோ எழுதியிருக்கிறார். என் கண்ணுக்குத் தெரியவில்லை. கதிர், பெரிதாக்கிப் பாரு.

அத்தை: 📷 புகைப்படம்

கதிர் (11:50): பார்க்கிறேன் பாட்டி.

கதிர்: பாட்டு இல்லை, கணக்கு மாதிரி இருக்கிறது. அப்படியே அடிக்கிறேன்.
தை மாசம்
விளைவு 38 கலம்
குத்தகை 22
விதைக்கு 3
அறுப்புக்கு 4
கடனுக்கு 9
மிச்சம்

கதிர்: மிச்சம் என்பதற்கு நேராக எண் எதுவும் இல்லை. கூட்டிப் பார்த்தேன், 22, 3, 4, 9. சரியாக 38 வருகிறது.

கதிர்: மிச்சம் என்று எழுதின இடத்திலிருந்து ஒரு கோடு மேலே போகிறது. அச்சடித்த வரியில் போய் முடிகிறது. கையும் காலும் தானே மிச்சம் என்கிற வரி. அதன் அடியில் இரண்டு தரம் அழுத்திக் கோடு போட்டிருக்கிறார்.

மதினி: 😢

அண்ணன்: ஐயோ.

பெரியப்பா (12:20): இதை நான் பார்த்ததே இல்லை. பெட்டி அப்பா தலைமாட்டிலேயே இருக்கும், எங்களைத் தொட விட மாட்டார்.

பெரியப்பா: 1959 தையாகத்தான் இருக்கும். படம் வந்தது முந்தின ஆகஸ்ட்டில். நஞ்சைக் குத்தகை நூற்றுக்கு நாற்பதுதான் என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. 38 கலத்துக்குப் பதினைந்து கலம் சொச்சம். அப்பா 22 அளந்திருக்கிறார். கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது. யாருக்கு அளந்தார் என்பதை இப்போது சொல்லி ஆகப் போவது ஒன்றும் இல்லை. அந்த வருஷம் சித்திரை, வைகாசியில் நாங்கள் கேப்பைக் கூழ் குடித்தது நினைவு இருக்கிறது. ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நான்: அதே பாட்டில் மச்சான் பதில் சொல்கிறாரே பெரியப்பா, நானே போடப்போறேன் சட்டம் என்று. தாத்தா அந்த வரிக்குக் கோடு போடவில்லை.

பெரியப்பா: போடவில்லை. ஆனால் மாடு ஓட்டும்போது அதைத்தான் பாடுவார். பானுமதி அம்மா பாடுகிற கேள்வி வரியைச் சத்தம் இல்லாமல் முணுமுணுப்பார். பதில் வரி வரும்போது மட்டும் குரல் வரப்பு தாண்டிக் கேட்கும்.

கதிர்: கொள்ளுத் தாத்தா பாடுவாரா? யாரும் சொன்னதே இல்லையே.

பெரியப்பா: பட்டுக்கோட்டையார் போன பிறகு ரொம்ப நாள் பாடவில்லை. எனக்கு அப்போது 11 வயது. டீக்கடையில் பேப்பர் வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா கட்டுச் சோற்றைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். என்ன என்று அம்மா கேட்டாள். "நம்ம பையன் போயிட்டான்" என்றார். யாரோ சொந்தத்தில் என்று நினைத்து அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். பிறகு விஷயம் தெரிந்தும் அழுகையை நிறுத்தவில்லை. அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது, கல்யாணம் ஆகி இரண்டு வருஷம்தான். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அத்தை: எனக்கு அப்போது நாலு வயது. அம்மா அழுததைப் பார்த்து நானும் அழுதேனாம். அம்மா பின்னால் சொல்வாள்.

கதிர்: கொள்ளுத் தாத்தாவுக்கு அப்போது என்ன வயது?

பெரியப்பா: 35 இருக்கும். அவருக்கு இவர் பையன்தான்.

கதிர் (1:05): எனக்குப் பெரியவர். கொள்ளுத் தாத்தாவுக்குப் பையன். தாத்தா, அவர் முதன்முதலில் பாட்டுக் கட்டியது எப்போது?

பெரியப்பா: 15 வயதில் என்பார்கள். வயல் வேலைக்கு நடுவில் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறார். கெண்டைக் குஞ்சுகள் கரையோரம் துள்ளுகின்றன. கரையில் மேயாதே, தூண்டில்காரன் வருகிற நேரம், ஓடிப்போ என்று அந்த மீனுக்குப் பாடியிருக்கிறார். பிற்பாடு தம்பிக்கும் பாப்பாவுக்கும் சொன்னதை முதலில் கெண்டைக் குஞ்சுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

மதினி: மாமா, வாடிக்கை மறந்ததும் ஏனோ மூன்று தடவை கேட்டுவிட்டேன். குக்கர் விசில் எண்ண மறந்து சாதம் குழைந்துவிட்டது. பரவாயில்லை.

அத்தை: சாதம் நாளைக்கும் வடிக்கலாம் கண்ணு.

அண்ணன்: அத்தை, அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், வேர்த்துவிடும். வெள்ளைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். பென்சில் எழுத்தின் மேல் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை: சரி சரி. ஆனால் இனிமேல் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கதிர் வாங்கிக்கொள்ளட்டும்.

கதிர்: நானா பாட்டி?

அத்தை: நீதானே கூட்டிப் பார்த்தாய். அறுபது வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்ததை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கதிர் (1:31): சனிக்கிழமை காலை வந்துவிடுகிறேன் பாட்டி. தாத்தா, சாயங்காலம் என்னைச் செங்கப்படுத்தான்காட்டுக்குக் கூட்டிப்போவீர்களா? அந்தக் குளத்தைப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா: வா. வெயில் தாழ்ந்ததும் புறப்படலாம். பைக்கில் வேண்டாம், எனக்கு முதுகு தாங்காது, பஸ்ஸில் போவோம். போகிற வழியில் அந்தப் பாட்டை முழுசாகச் சொல்லித் தருகிறேன். பதில் வரியை நீ பாடு.